மைதானத்து வீரரும் மன்றத்து நாற்காலியும்

வீரனைக் கண்டு வியப்பது மக்கள் இயல்பு. அதனை நாம் குறை கூறமாட்டோம். அதிலும் வடசென்னை மக்கள் வீரத்தை ஏட்டிலே படித்தவர்கள் அல்லர், கண்ணெதிரே கண்டவர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோளும், கடலில் வலை இழுத்த கையும், மாலையில் கையுறை அணிந்து குத்துச்சண்டை மேடை ஏறிய பகுதி இது. சார்பட்டா என்றும் இடியப்ப நாயக்கர் என்றும் பரம்பரை பிரித்து, தோற்றவன் பெயரையும் வென்றவன் பெயரையும் தலைமுறை கடந்து சொல்லி வந்த பகுதி. 2021-ல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் தமிழ்நாடு முழுவதற்கும் அதனை எடுத்துக் காட்டிற்று. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியிலே மூன்று தங்கம் வென்று திரும்பிய காசிமாவும் நம் புது வண்ணாரப்பேட்டைப் பெண்தான்.

இத்தகைய மக்களிடம், ஆடுகளத்தில் பெற்ற புகழை முன்வைத்து ஒருவர் வாக்குக் கேட்டு வந்தால் என் செய்வது? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. வடநாட்டில் கிரிக்கெட் வீரர் பெறும் இடத்தை இங்கே திரைப்பட நடிகர் பெற்றுவிட்டார். பண்டம் வேறு, வாணிகம் ஒன்றே. எனவே விடை நமக்கும் தேவை.

அந்த விடையைத் தேட, நம் ஊரைப் போலவே ஆலைச் சங்கொலி கேட்டு விழித்த மற்றோர் இடத்துக்குச் செல்வோம். பம்பாய் நகரின் பைகுல்லா – பரேல் தொகுதி, ஆண்டு 1937. மாகாணச் சட்டமன்றத் தேர்தல். தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட இடத்திற்கு இருவர் மோதினர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர். அவரை எதிர்த்துக் காங்கிரசு நிறுத்திய வேட்பாளர் பல்வாங்கர் பாலூ. யார் இந்தப் பாலூ? இந்தியா கண்ட முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர்!

1876-ல் பிறந்தவர். தோல் தொழிலோடு பிணைத்துத் தாழ்த்தப்பட்ட சமார் சாதியினர். பூனாவில் வெள்ளையர் மன்றத்திலே ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுத்துப் பிழைத்தவர். பயிற்சி செய்யும் துரைமார்களுக்குப் பந்து வீசி வீசியே கலை பயின்றார். திறமை கண்டு இந்து அணியினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். சேர்த்துக்கொண்டவர்கள் செய்தது என்ன? அவர் வீசிய பந்தைத் தொட்டார்கள். அவர் குடித்த குவளையைத் தொட மறுத்தார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்க்குப் பீங்கான் கோப்பை. பாலூவுக்கு வெளியே, தனியே, மண் குவளை. பந்துக்கு இல்லாத தீட்டு குவளைக்கு எங்கிருந்து வந்தது? சாத்திரம் அறிந்தோர்தாம் விளக்க வேண்டும்!

1911-ல் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. தோல்விமேல் தோல்வி கண்ட அந்தப் பயணத்தில் பாலூ ஒருவரே 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிட்டவே இல்லை. தகுதி இருந்தது, சாதி குறுக்கே நின்றது. சகோதரர்கள் போராடினர். முடிவில் 1923-ல் தம்பி வித்தலுக்குத்தான் அந்தத் தலைமை வாய்த்தது.

இளமையில் அம்பேத்கருக்கே பாலூவின் மீது பெருமதிப்பு உண்டு. ஒடுக்கப்பட்டவனும் வெல்ல முடியும் என்பதற்கு நடமாடும் சான்றாக இருந்தவர் அல்லவா! பின்னர் கருத்து பிரிந்தது. தனித்தொகுதிச் சிக்கலில் பாலூ, நம் சென்னையைச் சேர்ந்த எம். சி. இராசாவோடு சேர்ந்து அம்பேத்கருக்கு எதிர்த்தரப்பில் நின்றார். 1932-ல் பூனா ஒப்பந்தத்தில் இவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டனர். ஆகவே பாலூ வெறும் பொம்மை அல்லர். அவர்க்கென ஒரு கொள்கை இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் நாம் ஆராய்வது அவரை அல்ல, அவரை நிறுத்தியவர்களை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? பதினொரு பேர் கொண்ட அணிக்குத் தலைவனாக இருக்கத் தகாதவர் என்று எந்த மனிதரை ஒதுக்கினார்களோ, அதே மனிதர் ஆயிரக்கணக்கான மக்களுக்குப் பிரதிநிதியாகத் தக்கவர் என்று திடீரென ஞானம் பிறந்தது! எப்போது பிறந்தது? அம்பேத்கரைத் தோற்கடிக்க ஆள் வேண்டியபோது பிறந்தது. ஆடுகளத்தில் தர மறுத்த பெருமையைத் தேர்தல் களத்தில் தந்தார்கள். அதுவும் தம் தயவுக்குக் கட்டுப்படாத மற்றோர் ஒடுக்கப்பட்டவரை வீழ்த்துவதற்கே தந்தார்கள்.

அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலூவுக்கு 11,225. வேறுபாடு 2,020 மட்டுமே. புகழின் வலிமை எவ்வளவு பெரிது என்பதையும், அதனையும் மீறிச் சிந்திக்க மக்களால் முடியும் என்பதையும் இந்த ஒரே கணக்கு ஒருங்கே காட்டுகிறது.

அப்படியானால் வீரர்கள் மன்றத்துக்கு வரவே கூடாதா? அப்படிச் சொல்வோர் செய்பால் சிங் முண்டாவை மறந்தவர்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஆக்கி அணியின் தலைவர் அவர். ஆக்சுபோர்டில் படித்தவர். சொகுசாக வாழ்ந்திருக்கலாம். 1939-ல் ஆதிவாசி மகாசபையின் தலைமை ஏற்றார். அரசியல் நிர்ணய மன்றத்திலே, தாமும் காட்டுவாசியே என்று நிமிர்ந்து நின்று தம் மக்களின் உரிமையைக் கேட்டார். அங்கே புகழ் கொள்கைக்கு ஊழியம் செய்தது.

அண்மை நாளிலும் இரு வகையும் காண்கிறோம். கிரிக்கெட் தலைவராக இருந்த அசாருதீன் ஐதராபாத்துக்காரர். 2009-ல் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் நிறுத்தப்பட்டு வென்றார். 2014-ல் இராசத்தானத்துத் தொகுதி ஒன்றில் நிறுத்தப்பட்டுத் தோற்றார். மாநிலம் மாற்றி மாநிலம்! ஊரை அறிந்தவர் வேண்டும் என்ற எண்ணமா, ஊர் அறிந்த முகம் போதும் என்ற கணக்கா? மறுபுறம் மற்போர் வீராங்கனை வினேசு போகாட். 2023-ல் பெண் வீரர்களின் மானம் காக்கத் தில்லித் தெருவில் அமர்ந்தவர். 2024-ல் பாரிசு ஒலிம்பிக்கில் நூறு கிராம் எடை கூடியதால் இறுதிப் போட்டியை இழந்தார். அதே ஆண்டு அரியானாவின் சுலானா தொகுதியில் 6,015 வாக்கு வேறுபாட்டில் வென்றார். வாக்குப்பெட்டிக்கு வருமுன்பே போராட்டக் களத்துக்கு வந்தவர் அவர். அந்த வரிசையைக் கவனித்தல் வேண்டும்.

எனவே இளைஞர்களுக்கு நாம் தரும் அளவுகோல் எளியது. வேட்பாளராக வரும் வீரரிடம் எத்தனை பதக்கம் என்று கேட்காதீர்; அது ஏடுகளிலேயே இருக்கிறது. புகழ் வந்தபின், வேட்பு மனுவுக்கு முன், யாருக்காகக் குரல் கொடுத்தீர் என்று கேளுங்கள். உம்மை நிறுத்தியவர்கள் நேற்று உம் இனத்தாரை எங்கே நிறுத்தியிருந்தனர் என்று கேளுங்கள். உம்மைக் கொண்டு யாரை வீழ்த்த நினைக்கின்றனர் என்றும் கேளுங்கள். நடிகரே வந்தாலும் இதே கேள்விகள்தாம்.

நம் தெருவில் கையுறை மாட்டும் பிள்ளையும், கேரம் பலகை முன் குனிந்த பெண்ணும் நாளை மன்றம் ஏறட்டும், மகிழ்வோம். மாலையோடு மண் குவளையையும் மறைத்து நீட்டுகிறவர்களின் கைப்பிடித்து மட்டும் ஏற வேண்டாம்.