பள்ளி மாணாக்கரும் கல்லூரி அல்ஜீப்ராவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் மாணாக்கன், பள்ளியை விட்டு நீங்குமுன்பே கல்லூரிப் பாடம் ஒன்றைக் கற்றுத் தேறி, அந்த ஒரே உழைப்புக்குப் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் பலன் பெறுவதற்கு இடமளிக்கும் முறையொன்று வேரூன்றி வளர்ந்திருக்கிறது. 1955-இல் கனெக்டிகட் சர்வகலாசாலை தொடங்கிவைத்த இவ்வகை ஏற்பாடு, 1985-இல் மின்னஸோட்டா மாநிலத்திற் சட்டமாகி, பின்னர்ப் பல மாநிலங்களிலும் பரவி, 2022-23 கல்வியாண்டில் நாடு முழுவதும் ஏறக்குறைய 25 லட்சம் மாணாக்கரைத் தன்பால் ஈர்த்திருந்தது. இவர்களுள் கணிதத்தை நாடுவோரிற் பலர் முதன்முதல் எடுத்துக்கொள்வது ‘காலேஜ் அல்ஜீப்ரா’ என்னும் பாடமே. இவ்வழக்கத்தைப் போற்றுவோரும் தூற்றுவோரும், பதினாறு வயதுப் பிள்ளை கல்லூரிக் கணிதத்தைத் தாங்குமா என்றே பெரிதும் வாதிடுகிறார்கள். அந்தப் பிள்ளை இதற்கு அப்பால் எந்தக் கணிதத்துக்குப் போகப்போகிறது என்று விசாரிப்போர் குறைவு. என் அபிப்பிராயத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது அதுதான்.

பாடத்தின் உள்ளடக்கத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். சார்புகள், பல்லுறுப்புக் கோவைகள், அடுக்குக்குறிச் சார்புகள், மடக்கைகள், சமன்பாட்டுத் தொகுதிகள், இடமிருந்தால் அணிகளும் தொடர்களும்: இவற்றிற் பெரும்பகுதி, அதே மாணாக்கன் ‘அல்ஜீப்ரா இரண்டு’ என்னும் பள்ளிப் பாடத்தில் முந்திய ஆண்டோ அதற்கு முந்திய ஆண்டோ கண்டதே. மாறுபடுவது வேகமும் பொறுப்பும். கல்லூரியில் மூன்று கிரெடிட் (பட்டத்துக்கு எண்ணப்படும் பாட அலகு) கொண்ட பாடத்துக்கு ஒரு பருவத்தில் ஏறக்குறைய 45 மணி நேரமே வகுப்பு. விட்டுப்போன பயிற்சிக்கு மறுநாள் கெடு நீட்டித் தரும் பள்ளி உபாத்தியாயரின் தாட்சண்யம் அங்கே எதிர்பார்க்கத் தக்கதன்று. ஆகவே, இப்பாடத்தை எடுத்த பிள்ளை கணித சாஸ்திரத்திற் புதிய எல்லை ஒன்றைக் கடந்துவிட்டதாகப் பெற்றோர் பூரிப்பதில் அதிசயோக்தி உண்டு. அப்பிள்ளை கல்லூரியின் நடைமுறைக்குப் பழகிக்கொண்டது என்பதில் ஐயமில்லை.

அந்தப் பழக்கம் அற்பமான லாபமன்று. டெக்ஸஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1314 என்ற பொது எண்ணால் குறிக்கப்படும் இப்பாடத்தில் தேறியவன், அதே மாநிலத்தின் எந்தப் பொதுக் கல்லூரிக்குச் சென்றாலும் அதன் கிரெடிட்டைக் கையோடு கொண்டுபோகலாம். பொருள் வசதி குறைந்த மாணாக்கர், 2023-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அச்சட்டம் வகுத்த திட்டத்தில் சேர்ந்துள்ள கல்லூரிகளில் கட்டணமின்றியே படிக்கலாம். குடும்பத்தில் எவருமே கல்லூரி வாசலை மிதித்திராத ஒரு பெண்ணுக்கு, பள்ளிப் பருவத்திலேயே கல்லூரியின் பதிவேட்டில் தன் பெயர் ஏறிவிட்டது என்பதும், கடன்பட்டுக் கற்கவேண்டிய பாடங்களில் ஒன்று கடனின்றித் தீர்ந்தது என்பதும் எத்தகைய ஊக்கம் தரும் என்பதை, கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட்டறியாத விமரிசகர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். ஆசிரியப் பணிக்கோ, வரலாற்றுக்கோ, சமூகப் பணிக்கோ செல்ல எண்ணியவளாக அவள் இருப்பின், பட்டத்துக்கு வேண்டிய கணிதம் இத்துடன் தீர்ந்ததாகவும் ஆகலாம்.

எனினும் அவளுக்கு வேண்டியது அல்ஜீப்ராதானா? அமெரிக்கக் கணிதச் சங்கங்களுள் ஒன்று இப்பாடத்தின் பழைய உருவத்தை மாற்றியமைக்க வேண்டுமென்று பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறது; ஆண்ட்ரூ ஹாக்கர் என்னும் பேராசிரியர் 2016-இல் வெளியிட்ட நூலில், எல்லாரையும் இயற்கணிதத்தின் வழியே துரத்துவதையே கண்டித்தார். ஹாக்கரின் கட்சி எனக்கு மிகையாகவே தோன்றுகிறது. ஆனால் மேற்சொன்ன பெண்ணுக்கு விகிதமுறு சார்பின் தொலைத்தொடுகோட்டைக் காட்டிலும் புள்ளியியல் அதிகப் பிரயோஜனப்படும் என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வாறிருந்தும் பள்ளியின் ஆலோசகர் அல்ஜீப்ராவையே சிபாரிசு செய்கிறார். பிற்பாடு அவள் மனம் மாறி வணிகத்துக்குப் போக விரும்பினாலும் அது உதவும் என்பது அவர் கணக்கு. பாதுகாப்பான கணக்குத்தான்.

நேர்மாறான நிலை பொறியியலையோ பௌதிகத்தையோ நாடுபவனுடையது. உண்மையான அபாயம் அங்கேதான் இருக்கிறது. அவனுடைய பட்டப் படிப்பு பெரும்பாலும் நுண்கணிதத்திலிருந்தே தொடங்குவதால், காலேஜ் அல்ஜீப்ராவின் கிரெடிட் பதிவேட்டில் அலங்காரமாக நிற்குமேயன்றிப் பட்டத்துக்குரிய பாடங்களில் ஒன்றாக எண்ணப்படுவது அரிது. அதைவிடப் பெரிய குறை, இப்பாடத்தில் வழக்கமாகத் திரிகோணமிதி இடம்பெறுவதில்லை. பள்ளியிலேயே முன்நுண்கணிதம் கற்றிருக்க வேண்டிய ஓர் ஆண்டை, ஏற்கெனவே பாதி தெரிந்த மடக்கை விதிகளை மீண்டும் வேகமாக ஓதுவதிற் செலவிட்டுவிட்டு, சைன், கொசைன் சார்புகளில் கைபழகாமல் நுண்கணித வகுப்பில் உட்காரும் மாணாக்கன், வகையீட்டின் கருத்து விளங்காததால் அன்று, ஒரு முக்கோணத்தின் விகிதத்தை எழுதத் தெரியாததால் தடுமாறுவான். பதினோராம் வகுப்பிலேயே இதை முடித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பிற் கணிதமே இல்லாமல் காலங்கழிக்கும் வழக்கமும் உண்டு. சாதகம் செய்த வித்தை இவ்வளவு விரைவாகத் துருப்பிடிக்கும் துறை கணிதத்தைப் போல் வேறில்லை.

பதிவேட்டின் நிரந்தரத்தன்மை இன்னொரு விஷயம். பள்ளியிற் பெற்ற குறைந்த மதிப்பெண், பட்டப் படிப்பிற் சேர்ந்தபின் ஒருவர் கண்ணிலும் படாமல் மறைந்துவிடும். கல்லூரிப் பாடத்தில் விழுந்த தோல்வியோ மாணாக்கனோடு கூடவே செல்லும். மத்திய அரசின் நிதியுதவி பெறுவோர் திருப்திகரமாகப் படித்து வருகிறார்களா என்று பிற்காலத்திற் கணக்கிடும்போது, பதினாறு வயதிற் பாதியில் விட்ட பாடமும் அந்தக் கணக்கிற் சேரக்கூடும். இதற்கிடையே, கல்லூரியில் உள்ள கல்விக் குறிப்புகளின்மேல் உரிமை, 1974-ஆம் ஆண்டு மத்திய சட்டத்தின்படி, பதினெட்டு நிரம்பாவிடினும் மாணாக்கனுக்கே உரியது. மகனின் நிலையை அறியக் கல்லூரிப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதும் தகப்பனார், பதில் வாராமற் போனால் கோபித்துப் பயனில்லை.

கற்பிப்போர் விஷயத்திற் சுருக்கமாகவே சொல்லலாம். அமெரிக்காவின் மத்தியப் பகுதி மாநிலங்களில், இத்தகைய பாடத்தைப் பள்ளியிலேயே நடத்தும் ஆசிரியர் கணிதத்தில் முதுகலைப் பட்டமோ, வேறு துறை முதுகலையுடன் கணிதத்தில் 18 மேற்பட்டக் கிரெடிட்டுகளோ பெற்றிருத்தல் பல கல்லூரிகள் விதிக்கும் நிபந்தனை. நிபந்தனை நியாயமானது, ஆனால் அத்தகுதி உடையவர் சிற்றூர்ப் பள்ளிகளில் அகப்படுவது துர்லபம். அகப்படாத இடத்திற் பிள்ளைகள் கணினித் திரையின் முன் தனியே அமர்ந்து படிக்க நேர்கிறது. உதவி அதிகம் தேவைப்படுவோர்க்கே அது குறைவாகக் கிடைப்பதை எப்படிச் சமாதானம் சொல்லி மூடுவது?

இக்குறைகளுள் ஒன்றையேனும் தணிக்கும் உபாயத்தை டெக்ஸஸ் சர்வகலாசாலையின் ‘ஆன்ராம்ப்ஸ்’ திட்டத்திற் காண்கிறேன். அதிற் காலேஜ் அல்ஜீப்ரா பயில்பவனுக்குப் பள்ளி ஆசிரியர் ஒரு மதிப்பெண்ணும், சர்வகலாசாலையின் போதகர் வேறொரு மதிப்பெண்ணும் வழங்குகிறார்கள். கல்லூரி மதிப்பெண்ணைப் பார்த்த பிறகே அதன் கிரெடிட்டை ஏற்பதா மறுப்பதா என்று மாணாக்கன் தீர்மானித்துக்கொள்ளலாம். முயன்று பார்த்ததற்காக ஒரு பிள்ளை பின்னால் அபராதம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் பொறியியலை நாடுபவனின் திரிகோணமிதிக் குறையை இதுவும் தீர்த்துவிடாது. அவனுக்கு, பள்ளியிலேயே கற்றுப் பொதுப் பரீட்சை எழுதும் பாடமாக 2023-24-இல் தொடங்கிய ‘ஏ.பி. முன்நுண்கணிதம்’ மேலான வழி என்பது என் கருத்து. சைன், கொசைன் சார்புகள் அதிற் கணிசமான பங்கு பெறுகின்றன, மே மாதப் பரீட்சையின் முடிவைக் கல்லூரிக்கு அனுப்புவதும் அனுப்பாததும் மாணாக்கன் விருப்பம். அதற்குக் கிரெடிட் தர முன்வராத கல்லூரிகள் உண்டு என்று பெற்றோர் தயங்குகிறார்கள். நுண்கணிதத்திற் காலூன்றி நிற்கப் போகிறவனுக்கு அந்த மூன்று கிரெடிட்டுகளால் ஆகப்போவது என்ன?