சேனாபதியின் கத்தி

‘இந்தியன்’ திரைப்படம் 1996 மே மாதத்தில் வெளிவந்தபோது திண்டிவனத்துக் கொட்டகை ஒன்றில் அதனைக் கண்டோம். கையூட்டுக்காக உயிரை விலைபேசிய மருத்துவரை, தொலைக்காட்சியில் ஊரறிய, சேனாபதி கொல்லும் கட்டத்தில் எழுந்த கரவொலி இன்றும் நம் செவியை விட்டு அகலவில்லை. கூட்டேரிப்பட்டுக்குத் திரும்பிய பேருந்திலும் அதே பேச்சுத்தான். “இப்படி நாலு பேர் வேண்டும்” என்றார் ஒருவர்.

அக்கரவொலியை எளிதாக இகழ்ந்துவிட நம்மால் இயலவில்லை. தீக்காயமுற்ற மகளுக்காக மருத்துவமனையில் மன்றாடும் தந்தையை இயக்குநர் ஷங்கர் காட்டும் விதத்தில் உண்மை இருக்கிறது. அரசு அலுவலக வாயிலில் கால்கடுக்க நின்றவர் எவரும் அந்தத் தந்தையை அறிவார். அவரோ கையூட்டுத் தர மறுத்து மகளை இழக்கிறார். வாங்குபவனோடு கொடுப்பவனையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று அறிந்த நமக்கு, இத்தந்தை திரையில் அரிதாகவே வாய்க்கும் மனிதர்.

ஆனால் கத்தி கைக்கு வந்ததும் படம் கொடுப்பவனை மறந்துவிடுகிறது. வாங்கியவர்கள் மாள்கிறார்கள், கொடுத்தவர்கள் கொட்டகையில் அமர்ந்து கைதட்டுகிறார்கள். (நாலு பேர் கேட்ட அன்பர் தம் மனைக்குப் பட்டா வாங்கிய கதை ஊரறிந்தது. அது இருக்கட்டும்.)

பகைவன் முகத்தில் உமிழ்ந்ததும் ஹஸ்ரத் அலி (ரலி) அவர்கள் ஓங்கிய வாளைத் தாழ்த்திய நிகழ்ச்சியை மௌலானா ரூமி தம் மஸ்னவியில் பாடியிருக்கிறார். தம் சொந்தச் சினம் அதில் கலந்துவிட்டதென்பதே அவர்கள் தயங்கியதற்குக் காரணம். சேனாபதிக்கு அத்தயக்கம் ஒரு கணமும் எழவில்லை. பாதிக்கப்பட்டவரும் அவரே, நீதிபதியும் அவரே, கொலையாளியும் அவரே. கொலையுண்டவனின் வாரிசுக்கு உரிமை வழங்கும் இறைமறையே (17:33) அவ்வுரிமைக்கு வரம்பும் விதிக்கிறது. அதனை நிறைவேற்றக் காஜியின் மன்றம் வேண்டுமென்றார்கள் சட்ட மேதைகள்.

பழுதான பேருந்துக்குத் தகுதிச் சான்று தந்து பள்ளிக் குழந்தைகளின் சாவுக்குக் காரணமான மகன் சந்துருவையும் தந்தை கொல்கிறார். மனுநீதிச் சோழனை நினைத்துத்தான் மக்கள் மெய்சிலிர்த்தார்கள். ஆனால் சோழன் அரியணையில் இருந்தவன். அவன் வாயிலில் எவரும் அடிக்கத்தக்க ஆராய்ச்சி மணி தொங்கியது. சேனாபதி வீட்டில் மணி இல்லை. உறவினருக்கு எதிராயினும் சாட்சியாக நிற்கப் பணிக்கும் வசனம் (4:135) நம்மிடம் உண்டு. சாட்சி சொல்ல வேண்டிய தந்தை கத்தியை எடுக்கிறார்.

வியப்பு என்னவெனில், அதே மே மாதத்தில்தான் தமிழக மக்கள் ஊழல் புகார்களால் வெறுத்துப்போன ஓர் ஆட்சியை வாக்குச் சீட்டால் மாற்றினார்கள். படத்தில் அந்தச் சீட்டுக்கு இடமே இல்லை. 2024இல் வந்த இரண்டாம் பாகம் பற்றிச் சொல்ல அதிகமில்லை, கத்தி அதேதான்.

இதில் நம் அச்சம் வேறு. படத்தில் குற்றவாளி இன்னாரென்று இயக்குநர் முன்கூட்டியே காட்டிவிடுகிறார். தெருவில் அப்படிக் காட்டுவார் எவருமில்லை. 2015இல் உத்தரப் பிரதேசத்துத் தாத்ரியில், வீட்டில் மாட்டிறைச்சி இருப்பதாகக் கிளம்பிய வதந்தியை நம்பி ஒரு கூட்டம் திரண்டு ஒரு முஸ்லிமை அடித்தே கொன்றது. கதவை உடைத்தவர்களும் தாம் நீதி வழங்குவதாகவே நம்பியிருந்தார்கள்.