வெனிலாப் புகையிலையும் வேடசந்தூர் இலையும்

மருமகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது 2 அவுன்ஸ் பைப் புகையிலை கொண்டுவந்து கொடுத்தான். நம் கணக்குக்கு 57 கிராம் வரும். கம்பெனி டப்பா இல்லை. அங்கே சில புகையிலைக் கடைகளில் கண்ணாடி ஜாடிகளில் போட்டு வைத்து, கேட்கிற அளவுக்கு நிறுத்துக் கொடுக்கிறார்கள். இது கடைக்காரரே கலந்தது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையின் மேல் பேனாவால் 'வெனிலா' என்று எழுதிய ஒரு சீட்டு, அவ்வளவுதான். "மாமா, அந்தக் கடையில அதிகமா விக்கிறது இதுதானாம். புடிச்சுப் பாத்துட்டு எழுதுங்க, கூடக்குறைய சொல்லாதீங்க" என்றான். சரி, எழுதிவிடுவோம்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தீர்ப்பு எடுபடாது. பைப் பிடிக்க ஆரம்பித்து முப்பத்தைந்து வருஷம் இருக்கும். இப்போது வாரத்துக்கு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருநகர் வீட்டு மொட்டைமாடியில், திருப்பரங்குன்றத்து மலையைப் பார்த்தபடி. மற்ற ஆறு நாளும் கிடையாது. ஆனால் என் மூக்கு பைப்பில் பழகிய மூக்கு இல்லை. அம்மாவழித் தாத்தா வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை போட்டவர். பள்ளிக்கூட லீவு முழுக்க அந்த இலைப் போருக்குப் பக்கத்தில்தான் கிடப்போம். போரைப் பிரித்து அடியிலிருப்பதை மேலே புரட்டிப் போடும்போது உள்ளேயிருந்து ஒரு சூடு வரும். கூடவே ஒரு நெடி: பழைய புளி, ஈரச் சாக்கு, கொஞ்சம் மாட்டுத் தொழுவம். புகையிலை என்றால் எனக்கு முதலில் அதுதான். ஆகவே வெனிலா விஷயத்தில் நான் நடுநிலையானவன் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பையைத் திறந்தேன். மேலமாசி வீதியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு பேக்கரியைக் கடந்து போனால் என்ன வாசம் அடிக்குமோ, அது. வெனிலா, பால்கோவா அடிப்பிடித்த மாதிரி ஒரு கருகல் இனிப்பு, பின்னால் லேசாகச் சாராய வாடை. நல்ல வாசம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதற்குள் இலை எங்கே இருக்கிறது என்று நாலைந்து தடவை மூக்கை நுழைத்துத் தேடினேன். அகப்படவில்லை.

வெள்ளைத் தாளில் ஒரு பிடி கொட்டிப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் கன்னங்கரேலென்று இருந்தது. அது பிளாக் கேவண்டிஷ். கேவண்டிஷ் ஒரு செடியின் பெயர் இல்லை, செய்முறையின் பெயர். இலையை நீராவியில் வேகவைத்து, அழுத்தி, கருப்பாகும்வரை வைத்திருந்து நறுக்குகிறார்கள். இலைக்கென்று இருக்கும் முரட்டுத்தனமெல்லாம் அதில் வடிந்துவிடும். மிச்சத்தில் பழுப்பாக இருந்தது பர்லி. 1864இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் தற்செயலாக முளைத்த வெளிர்நிறச் செடி ஒன்றின் வம்சம் அது. இலையில் சர்க்கரை அநேகமாகக் கிடையாது, பஞ்சு மாதிரி எதை ஊற்றினாலும் குடித்துக்கொள்ளும். வாசனைக் கலவைக்காரர்களுக்கு அதன்மேல் இருக்கும் காதலுக்கு அதுவே காரணம். அங்கங்கே மஞ்சளாக நாலு இழை வர்ஜினியா. குண்டூர்ப் பக்கம் கொட்டகையில் சூடேற்றிப் பக்குவம் செய்கிறார்களே, அந்தச் சாதி. இதில் பெயருக்குத்தான் இருக்கிறது.

இலையில் இனிப்புச் சேர்ப்பது அமெரிக்கக்காரன் கண்டுபிடித்ததா என்றால் இல்லை. நம் ஊரில் வாய்ப் புகையிலைக்குக் கருப்பட்டித் தண்ணீர் தெளித்துத்தான் போர் போடுவார்கள். பன்னீர்ப் புகையிலை என்றே ஒரு தினுசு உண்டு. யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டை, பனைச் சாமான்களை எரித்து அந்தப் புகையிலேயே இலையைப் பாடம் பண்ணுவார்கள். சைப்ரஸ், சிரியா பக்கத்து லட்டாக்கியா புகையிலைக்கும் இதேபோலப் புகைமூட்டம்தான். லட்டாக்கியாவை உலகமே தலையில் வைத்துக் கூத்தாடுகிறது, யாழ்ப்பாண இலையைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது, சேர்மானம் இரண்டு வகை என்பது. இலை பக்குவமாகிற காலத்திலேயே உள்ளே இறங்கி, அதோடு சேர்ந்து புளித்து, இலையின் குணமாகவே ஆகிவிடுவது ஒன்று. கருப்பட்டித் தண்ணீர் அந்த வகை. நறுக்கி முடித்த பிறகு மேலே தெளித்துவிடுவது இன்னொன்று. முதலாவது ஊறுகாய், இரண்டாவது சென்ட். மருமகனின் பையிலிருந்தது முக்கால்வாசி சென்ட்.

தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. இந்த மாதிரிக் கலவைகளில் ஈரம் போகாமலிருக்கப் பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்க்கிறார்கள். மதுரை வெயிலே தோற்றுப்போனது. தினசரித் தாளில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் வைத்தும் உருட்டினால் உருண்டையாகவே நின்றது. இன்னொரு மணி நேரம் வைத்தேன். வாசம் கொஞ்சம் குறைந்ததே ஒழிய ஈரம் அப்படியேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்குப் பற்றவைத்தேன். தளர்வாகத்தான் அடைத்தேன், 2 கிராம் பிடித்திருக்கும். முதல் ஐந்து நிமிஷம் சுகம். உதட்டில் இனிப்பு, புகை வெண்ணெய் மாதிரி வழவழப்பு. நாம்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. பத்தாவது நிமிஷம் வெனிலா காணாமல் போனது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் பரவாயில்லை, கரண்ட் போன மாதிரி ஒரேயடியாகப் போய்விட்டது. அதற்கப்புறம் நாக்கில் இருந்தது சூடான நீராவியும், நனைந்த அட்டைப் பெட்டியை எரித்த ருசியும். வாசத்தைத் துரத்திக்கொண்டு வேகமாக இழுத்தேன், நாக்கு நுனி சுட்டது. பைப்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ருசி இல்லாத இடத்தில் ஆள் அதிகமாக இழுப்பான், அதிகமாக இழுத்தால் நாக்கு வேகும். இருபத்தைந்து நிமிஷத்தில் நாலு தீக்குச்சி. கடைசியில் கிண்ணத்தின் அடியில் கருப்புச் சேறு. பைப் துடைக்கிற கம்பி காபி வடிகட்டின மாதிரி வெளியே வந்தது.

இந்தத் தீர்ப்போடு கீழே இறங்கி வருகிறேன், வீட்டில் வேறு தீர்ப்பு தயாராக இருந்தது. "என்னங்க, இன்னைக்கு என்னத்தப் புடிச்சீங்க? இம்புட்டு வாசமா இருக்கு! இதுன்னா நீங்க மாடிக்கே போக வேணாம், திண்ணையில உக்காந்தே புடிங்க" என்றாள் மனைவி. முப்பது வருஷமாக என் பைப்பைத் திட்டியே தீர்த்த வாய் அது. ஆறு வயசுப் பேத்தி ஓடிவந்து என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "தாத்தா மேல கேக் வாசம்!" என்றாள்.

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. இந்தக் கலவை பிடிக்கிறவனுக்காகச் செய்யப்பட்டது இல்லை. பக்கத்தில் இருக்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டது. பிடிக்கிறவனின் மூக்கு சில நிமிஷத்திலேயே பழகி மரத்துவிடும், அவனுக்கு மிஞ்சுவது நாக்கு மட்டும். கிண்ணத்திலிருந்து தானாக எழும் புகை காற்றில் கலந்து, படியிறங்கி, அடுக்களைக்குப் போய்ச் சேரும்போதுதான் வெனிலா முழுசாக மணக்கிறது. அந்த வேலையை இது பிரமாதமாகச் செய்கிறது. அந்தக் கடையில் இதுவே அதிகம் விற்கிறது என்றால் ஆச்சரியமில்லை. வீட்டுக்காரம்மா அனுமதி கொடுக்கிற ஒரே புகையிலை இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிறு ஒரு சோதனை. தாத்தா காலத்திலேயே ஒரு தடவை வாய்ப் புகையிலையைக் கசக்கிப் பைப்பில் போட்டுத் தோற்றிருக்கிறேன். நின்று எரியாது, அணைந்து அணைந்து போகும். காரணம் ரொம்பப் பிற்பாடு தெரிந்தது. வாய்க்குப் போடுகிற வட்டக்கப்பல் மாதிரி இலைக்கு உவர்த் தண்ணீர்க் கிணறு இருந்தால் தரம் நன்றாக வரும் என்பார்கள், தாத்தாவின் கிணறும் உப்புக் கரிக்கும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு இலையில் ஏறிவிட்டால் அது எரிவதில்லை. வாய்க்கு நல்ல இலை நெருப்புக்கு ஆகாது. சுருட்டுக்கான ஊசிக்கப்பல் இலைக்கு நல்ல தண்ணீர்க் கிணறு வேண்டும் என்பது இதனால்தான். ராஜமுந்திரியில் 1947இல் தொடங்கிய மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் வேடசந்தூரில் ஒரு கிளையை வைத்ததும் இந்தச் சுருட்டு இலையையும் வாய் இலையையும் நம்பித்தான்.

ஆகவே இந்தத் தடவை வாய் இலை வேண்டாம் என்று ஒரு திண்டுக்கல் சுருட்டை வாங்கி, மேல் இலையைப் பிரித்து, உள் இலையைப் பொடித்து, மூன்று பங்கு வெனிலாவுக்கு ஒரு பங்கு கலந்தேன். ஒரு ராத்திரி மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால் பையில் பழைய போரின் நெடி லேசாக இருந்தது. பற்றவைத்ததில் தீக்குச்சி இரண்டோடு சரி. சுருட்டு இலை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது போல. முக்கியமான விஷயம், பத்தாவது நிமிஷம் வெனிலா விலகினபோது பின்னால் நிற்க ஒரு ஆள் இருந்தது: மிளகு மாதிரி ஒரு காரம், தோல் மாதிரி ஒரு கனம். இனிப்பும் அதன் முன்னால் வந்து வந்து போனது. சாம்பலைத் தட்டிப் பார்த்தேன். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த கருத்த, செதில் செதிலான சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். என் பைப் சாம்பல் வெளுப்பும் கருப்பும் கலந்து கிடந்தது. ஹோம்ஸே குழம்பியிருப்பார்.

சீனிச்சர்க்கரைப் புலவரின் 'புகையிலை விடு தூது' இந்த இடத்தில் ஞாபகம் வந்தது. பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்புகிற சின்ன நூல், உ.வே.சா. பதிப்பித்தது. அதில் ஒரு கதை. மூன்று தெய்வங்களிடமும் ஆளுக்கொரு இலை இருந்தது. சிவனின் வில்வத்தைக் கங்கை அடித்துக்கொண்டு போயிற்று, திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிற்று. பிரமன் தன் இலையைக் கலைமகளிடம் கொடுத்துவைக்க, அவள் அதை நாவில் வைத்திருந்தாள். அது மட்டும் போகவில்லை, போகாத இலை அதுவே என்று சொல் விளையாட்டு. விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் எனக்கு அது ஒரு உரைகல்லாகவே படுகிறது. புகையிலை நாக்கில் நிற்க வேண்டும். பத்து நிமிஷத்தில் நாக்கை விட்டுப் போய்விட்டு, அடுக்களையில் போய் நிற்கிற இலையைக் கலைமகள் என்ன செய்வாளோ.

ஆக மதிப்பு: பை வாசத்துக்குப் பத்துக்கு எட்டு, வீட்டு வாசத்துக்குப் பத்துக்குப் பத்து, நாக்குக்கு மூன்று. சுருட்டு இலை சேர்த்தால் நாக்குக்கு ஆறு வரை போகும். கருப்பட்டி மாதிரி உள்ளே ஊறிய இனிப்பாக இருந்திருந்தால் இந்தக் கணக்கே வேறு. மருமகனிடம் போனில் சொன்னேன். "அப்ப அடுத்த தடவை வாங்கிட்டு வரவா வேணாமா மாமா?" என்றான்.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. தாத்தாவை நினைத்துக்கொண்டேன். கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்து, எட்டு மாசம் கஞ்சி மட்டும் குடித்து, பிறகு அதுவும் இறங்காமல் போய்ச் சேர்ந்தார். தன் கொல்லையில் விளைந்த இலைதான். ஆனால் அந்த இலையின் நெடி யாரையும் ஏமாற்றியது கிடையாது. பிள்ளைகள் நாங்கள் போருக்கு ரொம்பக் கிட்டே போனால் கண் எரிந்து தும்மிக்கொண்டு ஓடிவந்துவிடுவோம். அமெரிக்காவில் 2009இல் ஒரு சட்டம் வந்தது. சிகரெட்டில் மெந்தால் தவிர வேறு பழ வாசம், மிட்டாய் வாசம் எதுவும் சேர்க்கக் கூடாது, பிள்ளைகள் இழுக்கப்படுகிறார்கள் என்று. பைப் புகையிலையை அந்தத் தடையில் சேர்க்கவில்லை. கிழவர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டார்கள் போல.

போன புதன்கிழமை பேத்தி என் மேஜை டிராயரைத் திறந்து, அந்தப் பையைப் பிரித்து, கண்ணை மூடி மோந்துகொண்டிருந்தாள். "தாத்தா, இத ஒரு வாய் திங்கலாமா?" என்று கேட்டாள். பையில் இன்னும் 40 கிராமுக்கு மேல் இருந்தது. அதைக் கொண்டுபோய்த் தென்னைமரத்தடியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். ரெண்டு நாள் தோட்டமே கேக் வாசம் அடித்தது. திண்டுக்கல் சுருட்டில் மிச்சமிருந்த பாதி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதன் பக்கத்தில் போனாலே பேத்தி மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.