மாற்று டி.என்.எஸ்.: வேகத்துக்கா, வடிகட்டலுக்கா?

இணையதளத்தின் பெயரைத் தட்டியதும் அதற்குரிய ஐ.பி. எண்ணைத் தேடித் தருவது டி.என்.எஸ். இதை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். பிராட்பேண்டோ சிம் கார்டோ வாங்கும்போது இந்தத் தேடல் வேலையும் சொல்லாமல் கொள்ளாமல் அந்த இணைய நிறுவனத்தின் சர்வரிடம் போய்விடுகிறது. அதை விட்டுவிட்டு வேறொரு சர்வரிடம் கேட்பதே மாற்று டி.என்.எஸ். காசு செலவில்லை, செட்டிங்ஸில் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

2006-இல் வந்த ஓப்பன்டிஎன்எஸ் (இப்போது சிஸ்கோ வசம்), 2009-இல் கூகுளின் 8.8.8.8, 2017-இல் குவாட்9-இன் 9.9.9.9, 2018-இல் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 ஆகியவை இவற்றில் பெயர் பெற்றவை. கடைசியாகச் சொன்னது ஏப்ரல் 1 அன்று அறிமுகமானது. நான்கு ஒன்றுகள் என்பதால் நான்காம் மாதம் முதல் தேதி!

இவற்றை நாடுவோரில் பலர் எதிர்பார்ப்பது வேகம். அதில்தான் ஏமாற்றமும் அதிகம். ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் விளம்பரம், எழுத்துரு, படம் என்று பத்துப் பதினைந்து பெயர்களையாவது தேட வேண்டியிருக்கும். டி.என்.எஸ். சர்வர் மந்தமானால் பக்கம் விரியும் முன் ஒரு திணறல் தெரியும். நல்ல சர்வருக்கு மாறினால் அது நீங்கும். ஆனால் எண் கிடைத்ததும் டி.என்.எஸ்-இன் வேலை முடிந்தது. படம் இறங்கும் வேகம் அதனால் கூடாது; ஸ்பீட் டெஸ்ட் முடிவும் மாறாது.

கணினியில் ‘டிக்’ கட்டளை ஒவ்வொரு தேடலுக்கும் ஆன நேரத்தை மில்லி விநாடியில் காட்டும். ஒரே பெயரை அடுத்தடுத்து இருமுறை கேட்டால் இரண்டாவது விடை பெரும்பாலும் சட்டென்று வந்துவிடும். அது முன்பே கிடைத்த விடையைச் சேமித்து வைக்கும் கேஷின் வேலை, புதிய சேவையின் சாமர்த்தியம் அல்ல. எனவே பல பெயர்களைப் பழைய சர்வரிடமும் புதியதிடமும் கேட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இணைய நிறுவனத்தின் சர்வர் பக்கத்திலேயே இருந்து ஒழுங்காக நடத்தப்பட்டால் அதுவே முந்துவதும் உண்டு.

மாறியதால் வேகம் குறையவும் வாய்ப்பிருக்கிறது. வீடியோ தளங்கள் பல ஊர்களில் சர்வர் வைத்திருக்கின்றன. கேட்பவருக்கு அருகில் உள்ளதைக் கைகாட்ட, அவர் எங்கிருக்கிறார் என்பதை டி.என்.எஸ். வழியாகவே சில தளங்கள் ஊகிக்கின்றன. கூகுள் பயனர் முகவரியின் ஒரு பகுதியை அவற்றுக்குத் தெரிவிக்கும். கிளவுட்ஃப்ளேர் தனியுரிமை கருதித் தெரிவிப்பதில்லை; அப்போது தொலைவில் உள்ள சர்வர் கைகாட்டப்படலாம். குவாட்9-இல் 9.9.9.9 தெரிவிக்காது, 9.9.9.11 தெரிவிக்கும்.

வடிகட்டலில்தான் இந்தச் சேவைகள் உண்மையாகவே பயன்படுகின்றன. குவாட்9 மோசடி, வைரஸ் தளங்களின் பெயருக்கு விடையே தராது. கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.2-உம் அப்படியே; 1.1.1.3 ஆபாசத் தளங்களையும் சேர்த்துத் தடுக்கும். ஆட்கார்டின் 94.140.14.14 விளம்பரங்களை நிறுத்தும். எதைத் தடுப்பது என்று தாமே பட்டியலிட விரும்புவோருக்கு நெக்ஸ்ட்டிஎன்எஸ் பொருந்தும். மாதம் 3 லட்சம் தேடல்கள் வரை இலவசம். எண்ணை ரூட்டரில் மாற்றினால் அதன் வழியே வரும் டி.வி., டேப்லெட் எல்லாவற்றுக்கும் தடை சேர்ந்துவிடும்.

அதற்கும் எல்லை உண்டு. டி.என்.எஸ். ஒரு தளத்தின் பெயரை முழுதாகத் தடுக்குமே தவிர அதற்குள் பிரித்துப் பார்க்காது. அதனால் யூடியூபின் வீடியோ நடுவே வரும் விளம்பரங்கள் இதற்குச் சிக்குவதில்லை. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறத் தெரிந்த பிள்ளையிடம் ரூட்டர் தடை செல்லாது. அந்தப் பிள்ளையின் போனிலும் தனியே அமைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் இதற்கு ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ வசதி இருக்கிறது. அங்கே எண்ணை அல்ல, சேவையின் பெயர் முகவரியைத் தர வேண்டும். ஓட்டல், ரயில் நிலைய வைஃபையில் நுழைவுப் பக்கம் வராமல் அடம்பிடித்தால் பிரைவேட் டி.என்.எஸ்-ஐச் சற்று நேரம் ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கினால் சரியாகும்.

பிரைவேட் டி.என்.எஸ். கேள்விகளை மறையாக்கி அனுப்புகிறது. வெறும் எண்ணை மாற்றினால் அவை திறந்த அஞ்சலட்டை போலத்தான் போகும். இணைய நிறுவனம் படிக்கலாம், திசை திருப்பவும் செய்யலாம். 2014 மார்ச்சில் துருக்கியில் ட்விட்டர் தடைசெய்யப்பட்டபோது 8.8.8.8 என்ற எண்ணை மக்கள் இஸ்தான்புல் சுவர்களில் எழுதினார்கள். சில நாட்களிலேயே அந்த எண்ணுக்குப் போன கேள்விகளை அந்நாட்டு இணைய நிறுவனங்கள் தங்கள் சர்வருக்குத் திருப்பிக்கொண்டன. மறையாக்கினாலும் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது இணைப்பு தொடங்கும்போது பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும்.

ஒரே சேவையை நம்பியிருப்பதும் சரியல்ல. 2025 ஜூலை 14 அன்று 1.1.1.1 உலகெங்கும் 62 நிமிடங்கள் முடங்கியது. அதன் துணை எண்ணான 1.0.0.1-உம் கூடவே படுத்தது. இரண்டாவது எண் வேறு நிறுவனத்தினுடையதாக இருப்பது நல்லது. வடிகட்டல் வேண்டுவோர் அதுவும் வடிகட்டும் எண்தானா என்று பார்க்க வேண்டும். சாதனம் இரண்டில் எதையும் கேட்கலாம்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு 1.1.1.3, மற்றவர்களுக்கு 9.9.9.9 ஏற்றவை. வேகம் மட்டுமே நோக்கமென்றால், அளந்து பார்க்காமல் மாற்றத் தேவையில்லை. மாற்றுவோர் ரூட்டரில் ஏற்கெனவே உள்ள எண்களை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளவும்.