அபத்தம் என்னுஞ் சொல்

பிறர் கொள்கையை மறுக்கப் புகுந்தோர், "இஃது அபத்தம்" என ஒரு சொல்லால் முடித்துச் செல்லுதல் இந்நாளிற் பெருவழக்காயிற்று. கண்ட குற்றம் யாது? பொய்யா, பிழையா, பொருளின்மையா? மூன்றற்கும் இச்சொல் இடந்தருதலின், கூறினார் எதனையும் நாட்டாது நழுவுகின்றனர்.

அபத்தம் வடசொல். கட்டப்பட்டதென்னும் பொருளுடைய 'பத்தம்' எதிர்மறை அகரம் பெற்று, கட்டப்படாதது, தொடர்பற்றது என நின்றது. சொற்கள் தம்முள் இயைந்து கட்டுண்ணாத பேச்சு அபத்தமாம். இச்சொல்லே தெலுங்கிற் பொய்யையும், மலையாளத்தில் தவறுதலையும் உணர்த்தும். தமிழ் அகராதிகள் பொய், வழு என இரண்டும் தருகின்றன. மயிலாப்பூர் வழக்கிலோ மந்திரம் ஓதுவார் எழுத்துப் பிறழினும் அபத்தம்; ஒருவர் இடமறியாது பேசினும் அபத்தம்; பிழை மலிந்த அச்சுப்புத்தகம் அபத்தக் களஞ்சியம். சென்னையில் தெலுங்கர் ஒருவரை நோக்கி, "நீர் கூறியது அபத்தம்" என்னின், தம்மைப் பொய்யரென்றதாகக் கொண்டு அவர் வெகுளுதலும் கூடும்.

நம் நூல்களில் வழங்கும் பெத்தம் என்பதும் இவ்வடியிற் பிறந்ததே. மலத்தாற் கட்டுண்ட உயிரினிலை பெத்தம். அது நீங்கியது முத்தி. எழுத்தளவே நோக்கின் அபத்தம் முத்திக்கன்றோ பெயராதல் வேண்டும்!

இது நிற்க. பிரஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யு 1942இல் வெளியிட்ட சிசிபசு பற்றிய நூலிற் பேசிய கொள்கைக்கும், மார்ட்டின் எஸ்லின் 1961இல் தம் நூலாற் பெயர் நிலைபெறுவித்த நாடக வகைக்கும் தமிழில் அபத்தமென்றே பெயரிட்டனர். அவற்றின் இலத்தீன் மூலச்சொல் சுருதி சேராமையைக் குறித்தது. காம்யு கருதியது உளறலன்று. விளக்கம் வேண்டி நிற்கும் மனிதனுக்கும் விடை தாராத உலகிற்கும் இடைப்பட்ட இயையாமை. பெயர்கொண்டு அதனை இகழ்வார் மொழிபெயர்ப்பை இகழ்ந்தாரேயாவர். அறிய விழைந்தும் அறியமாட்டாது நிற்கும் உயிரினிலையைச் சித்தாந்தி ஆணவ மறைப்பென்பான்; அவர் அபத்தமென்றது நமக்குப் பெத்தமே. மறைப்பு நீங்குமென்பதும், நீக்குவான் ஒருவன் உளனென்பதும் அவர்க்கு உடன்பாடல்ல. மறுப்போர் ஆண்டு மறுக்க.

நன்னூலார் நூற்குற்றம் பத்தென வகுத்தனர். மாறுகொளக் கூறல் வேறு, மயங்கவைத்தல் வேறு, வெற்றெனத் தொடுத்தல் வேறு. அருணந்தி சிவாசாரியர் சித்தியார் பரபக்கத்தில் உலகாயதர் முதலாகப் பதினால்வர் கொள்கையையும் முன்னர் அவரவர் கூற்றாக நிறுவிப் பின்னரே மறுத்தனர். 1785இல் மறைந்த சிவஞான முனிவர், 'எடுத்து' என்னும் ஒரு சொற்பொருட்டுத் தனிநூலே வரைந்தனர். அவர் மறுப்புரைகள் கடியன. ஆயினும் குற்றம் இன்னதென்று காட்டாது விடுவனவல்ல.

உள்ளதுமன்று, இல்லதுமன்று எனப்படும் மாயையை மாறுகொளக் கூறலென்று காட்டுவார்க்கு மாயாவாதி விடையிறுக்கக் கடமைப்படுவான். அபத்தமென்று மட்டும் எழுதுவார்க்கு அவன் எதற்கு விடை கூறுவான்?