கிம் துயியின் ‘ரு’: வரிசை குலைந்த நினைவுகள்

வியட்நாமியக் கடல்வழி அகதிகள் பற்றி மொன்றியலில் இருந்து வந்த நூல்களில் அதிகம் பேசப்பட்டது கிம் துயியின் ‘ரு’. 2009இல் பிரெஞ்சில் வெளியாகி, 2010இல் கனடாவின் ஆளுநர் நாயகம் விருதைப் பெற்றது. 2023இல் திரைப்படமாகவும் வந்தது. ‘ரு’ என்றால் பிரெஞ்சில் சிற்றோடை; வியட்நாமிய மொழியில் தாலாட்டு. இரவு வேலை முடிந்து வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாம் இதைப் பிரெஞ்சிலேயே வாசித்தோம். அத்தியாயங்கள் ஒரு பக்கம், அரைப் பக்கம் என்பதால் அது முடிந்தது.

கிம் துயி 1968இல் சைகோனில் பிறந்தவர். பத்து வயதில் குடும்பத்தோடு படகேறி, மலேசிய முகாமொன்றில் தங்கி, கியூபெக்கின் கிறான்பி நகருக்கு வந்தார். காய்கறி பறித்தார், தைத்தார், மொழிபெயர்த்தார், வழக்கறிஞரானார், மொன்றியலில் உணவகமும் நடத்தினார். (எழுத்தாளர்களில் குசினிச் சூடு தெரிந்தவர்கள் குறைவு. அதற்காகவே அவர்மேல் நமக்கொரு தனிப் பற்று.)

நாவலில் படகின் அடித்தட்டு, சைகோனின் பெரிய வீடு, கிறான்பியின் பனி, பின்னாளில் ஓட்டிசம் உள்ள மகன் என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன. காலவரிசை இல்லை. ஒரு நினைவு இன்னொன்றைத் தொட்டு இழுக்கிறது.

இந்த வரிசைக் குலைவில்தான் நாம் நின்றுவிட்டோம். எம்மவரில் எத்தனை பேர் இப்படி நினைத்துப் பார்த்திருக்கிறோம்? எந்த மாதம் இடம்பெயர்வு, எத்தனையாந் திகதி கைது, எந்தப் பாதையால் கொழும்பு என்று அகதிப் படிவத்துக்காக வாழ்க்கையை அடுக்கிப் பாடமாக்கியவர்கள் நாம். ஒரு திகதி பிசகினால் பொய்யன். விசாரணை முடிந்து வருடங்கள் கழிந்த பின்னும், நம்மவரின் நினைவுக் கட்டுரைகள் பல 83இல் தொடங்கித் திகதி திகதியாகவே நடக்கின்றன. எதிரே இன்னமும் ஓர் அதிகாரி இருக்கிறார் போலும். ஷோபாசக்தி 2001இல் ‘கொரில்லா’வை ஓர் அகதி விண்ணப்பத்தோடு தொடங்கியது சும்மா அல்ல. அந்தப் படிவத்தையே பிடித்து அவர் இலக்கியமாக்கினார். கிம் துயிக்கு அந்தத் தேவை இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை? 1978 நவம்பரில் ‘ஹாய் ஹொங்’ கப்பல் சுமார் 2,500 பேருடன் மலேசியாவில் தடுக்கப்பட்டபோது, கனடா 600க்கு மேற்பட்டோரை விமானத்தில் அழைத்தது. கியூபெக் முன்நின்றது. 1979-80இல் 60,000 இந்தோசீன அகதிகள் வந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோரைத் தேவாலயங்களும் அயலவர் குழுக்களும் பொறுப்பேற்றன. முகாமிலேயே தெரிவாகி, இறங்கும்போதே வதிவிட உரிமையோடு இறங்கினார்கள். இந்த அகதிப்பணிக்காக 1986இல் கனடிய மக்களுக்கு நான்சன் விருது கிடைத்தது. அதே 1986 ஆகஸ்டில்தான் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். அவர்கள் வந்த பாதை பற்றிச் சொன்ன பொய்யே பிறகு பெரிய செய்தியாயிற்று. ‘ரு’ விருது வாங்கிய 2010இல் ‘சன் சீ’ கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியா வந்தார்கள். பலர் மாதக்கணக்கில் தடுப்புக்காவலில் கிடந்தார்கள்.

ஆகவே கிம் துயியின் நன்றியுணர்வை அடிமைத்தனம் என்று தள்ளிவிடும் நண்பர்களோடு நாம் உடன்படவில்லை. கொடுக்கப்பட்டதற்குத்தான் அவர் நன்றி சொல்கிறார். நமது குறை வேறு. அநேகமாக ஒவ்வொரு துண்டும் ஓர் அழகான வாக்கியத்தில் போய் முடிகிறது. படகின் நாற்றம்கூட மெருகேறி விடுகிறது. கிறான்பியில் முகஞ் சுளித்தவர்கள் மிகக் குறைவு. வந்தவர்களின் மொழியில் எழுதியிருந்தால் அவர்கள் கொஞ்சம் கூடியிருப்பார்களோ என்று ஐயப்படுகிறோம். தமிழில் எழுதும் நமக்கு அந்தச் சங்கடமில்லை. நாம் திட்டினாலும் இந்த ஊர் வாசிக்கப் போவதில்லை.

நூலில் நமக்கு மிகப் பிடித்த இடம் தொடக்கத்திலேயே வருகிறது. கதைசொல்லியின் பெயர் நுயென் அன் தின். தாயின் பெயரும் ஏறக்குறைய அதுதான். எழுத்தில் ஒரு புள்ளியில்தான் வித்தியாசம். தாயின் தொடர்ச்சி மகள் என்பதை அந்தப் புள்ளியை வைத்தே சொல்லிவிடுகிறார். நமது பெயர்களில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அதற்குச் சத்தியக் கடதாசி கேட்பார்கள்.