முள் நடுங்கும் இடம்

த்ராட்டில் பொசிஷன் சென்சாரில் (டிபிஎஸ்), த்ராட்டில் மூடியிருக்கும்போது 0.5 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4.5 வோல்ட். இந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டு, "டிபிஎஸ் நல்லாத்தான் சார் இருக்கு" என்று பானெட்டைச் சாத்துகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. தேய்மானம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. அதுவும் சரிபாதியில் இல்லை, மூடிய நிலைக்குச் சற்று மேலே, கால்வாசித் திறப்புக்குள். ஊருக்குள் ஓடும் வண்டி ஆயுளில் பெரும்பகுதியை அந்தக் குறுகலான இடத்தில்தான் கழிக்கிறது. சென்சாருக்குள் இருக்கும் கார்பன் பட்டை அங்கே மட்டும் தேய்ந்து, காண்டாக்ட் கண நேரம் விட்டுப் பிடிக்கும். அந்தக் கணத்தில் சிக்னல் விழ, டிரைவர் காலை எடுத்துவிட்டார் என்று எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ நினைத்துக்கொள்கிறது. நாற்பதில் சீராகப் போகும் வண்டி காரணமில்லாமல் ஒரு வெட்டு வெட்டும். செக் எஞ்சின் விளக்கு பெரும்பாலும் எரியாது.

இதைப் பிடிக்க முள் மீட்டர்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னும் கிடைக்கும் சான்வா ஒய்எக்ஸ் 360 மாதிரி ஒன்று போதும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றுகிறது. இடையில் விழுந்து எழுந்தது அதன் கணக்கில் வராது. பழைய வண்டிகளில் ஸ்கேனரின் லைவ் டேட்டாவும் அந்த வேகந்தான். பார் கிராஃப் உள்ள மீட்டர் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும்.

ஆசிலோஸ்கோப்காரர்களோடு அப்படிச் சண்டை போட முடியாது. அவர்கள் கருவி மில்லி நொடிப் பள்ளத்தைக்கூடத் திரையில் நிறுத்திக் காட்டிவிடும். ஆனால் முள்ளில் ஒரு சுகம் உண்டு: கை நகரும்போதே அதுவும் நகர்கிறது. நடுங்கிய இடத்தில் கையை நிறுத்தி, இம்மி முன்னே, இம்மி பின்னே என்று அசைத்து, பட்டை எங்கே தொடங்கி எதுவரை தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்துவிடலாம்.

அப்படித் தடவிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கோவையில் இருந்தார். 1998-ல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி என்றால் அவருக்கு உயிர். இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். முதலில் ஐந்து வோல்ட்டும் எர்த்தும் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்ப்பார். பிறகு கனெக்டரின் பின்பக்கமாக, சீலை ஒட்டி ஒரு குண்டூசியை சிக்னல் ஒயரோடு உள்ளே விடுவார். ஒயரின் மேலுறையைக் குத்துவதைக் கண்டால் திட்டு விழும்; அந்தத் துளையில் ஈரம் இறங்கி, செம்பு பச்சை பூத்து, பிற்பாடு வேறொருவர் தலையில் விடியும். மீட்டர் 10 வோல்ட் ரேஞ்சில். பெடலை மிதிக்க ஆள் வைக்க மாட்டார். த்ராட்டில் கேபிள் சுற்றிய அரைவட்டத்தில் கட்டைவிரலை வைத்து, வீணைக்குச் சுருதி சேர்ப்பவரைப் போல அவ்வளவு மெதுவாகத் திருப்புவார். "என் கையப் பாக்காதீங்க தம்பி, முள்ளப் பாருங்க."

ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம். இறங்கும்போது மட்டும் நடுங்கும் சென்சார்களும் உண்டு. பலர் அந்தத் திசையில் பார்ப்பதே இல்லை. அப்புறம் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சென்சாரின் மேல் மெல்லத் தட்டுவார். சூடேறினால்தான் வெட்டும் வண்டி என்றால் ஹேர் டிரையரைக் காட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து.

அந்தக் காலத்து ஹோண்டாக்களில் டிபிஎஸ் த்ராட்டில் பாடியோடு சேர்ந்தே வரும். தனியாகக் கழற்றக் கூடாது என்றுதான் ஸ்க்ரூவில் பிடிமானமே வைக்கவில்லை. மற்றவர்கள் த்ராட்டில் பாடியையே தேடி சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போனார்கள். இவர் ஹேக்சா பிளேடால் ஸ்க்ரூத் தலையில் ஒரு கோடு கிழித்துக்கொள்வார். கழற்றுவதற்கு முன் சென்சார் உட்கார்ந்திருந்த நிலைக்கு ஊசியால் ஓர் அடையாளம். புதிய சென்சாரை த்ராட்டில் தண்டின் நாக்கில் மாட்டி, ஸ்பிரிங்கை எதிர்த்துச் சற்றுத் திருகி உட்காரவைத்து, முள் அரை வோல்ட்டில் நிற்கும்படி பிடித்துக்கொண்டு இறுக்குவார். இறுக்கும்போது முள் மயிரிழை நகர்ந்துவிடும். அந்த நகர்வையும் முன்கூட்டியே கணித்து, கொஞ்சம் குறைவாக வைத்து இறுக்கிய ஒரே கை நான் பார்த்ததில் அதுதான். பெயின்ட் வைத்து முத்திரையிட்ட த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவை அவர் தொட்டதே இல்லை. ஐடிலிங் சரியில்லை என்றால் முதலில் அதைத் திருகுகிறவர்கள் இன்று எத்தனை பேர்!

இப்போது ஸ்கேனரில் பி0122 என்று எரர் கோடு வந்தால் உடனே சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். சிக்னல் வோல்டேஜ் குறைவு என்று மட்டுந்தான் அது சொல்கிறது. ஐந்து வோல்ட் வரும் ஒயர் அறுந்திருந்தாலும் அதே கோடுதான். இன்னொரு கூட்டம் சென்சாருக்குள் கிளீனரை அடிக்கிறது. ஒரு வாரம் வண்டி பறக்கும், உள்ளேயிருந்த கொஞ்சநஞ்ச மசகும் கரைந்தபின் பழைய வெட்டு இன்னும் மோசமாகத் திரும்பும்.

இன்றைய வண்டிகள் பலவற்றில் உரசாத, தேயாத காந்த சென்சார். நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை, ரசிக்கவும் ஒன்றுமில்லை. பழையதை வைத்திருப்பவர்களுக்கு டூப்ளிகேட்தான் பெரிய தலைவலி. அட்டைப்பெட்டியும் ஹோலோகிராமும் அசல் மாதிரியே இருக்கும். உள்ளே இருக்கும் பட்டை வாங்கிய அன்றே நடுங்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பணம் கொடுக்குமுன் கவுண்டரிலேயே ஓம் ரேஞ்சில் போட்டு ஏற ஒரு தரம், இறங்க ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். சுற்றிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.